சின்னமலையோடு நின்ற தடம்

முன்பனி உரத்துப் பேசாத பருவம். கார்காலம் இடித்து முழக்கிக்கொண்டு வரும். வேனில் நெருப்பை வாரி இறைத்துக்கொண்டு வரும். முன்பனியோ, தவறு செய்தவன் பின்வாசல் வழியே வீடு திரும்புவதைப் போல, ஓசையின்றி வந்து நிலத்தின்மேல் படியும். மார்கழி பிறந்த அந்த வியாழக்கிழமைக் காலையில் களமருதூர் வயல்கள் அப்படித்தான் கிடந்தன. முற்றிய சம்பாக் கதிர்கள் மணியின் கனத்தோடு பனியின் கனமும் சேர, நிமிர மாட்டாமல் தலை கவிழ்ந்து நின்றன. ஏரிக்கரை வேலமரத்தில் கொக்குகள் கழுத்தைச் சிறகுக்குள் ஒடுக்கியிருந்தன. தெளிந்த நாளில் மேற்கே நீலக் கோடாகத் தெரியும் கல்வராயன் மலை, முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டது போல அறவே மறைந்திருந்தது. கோயில் ஒலிபெருக்கியின் விடியற்பாட்டும் பனியில் நனைந்து, பாதி வழியிலேயே தரையில் இறங்கிவிட்டது.

அந்தப் பனிக்குள் ஒரு ஸ்கூட்டர் ஊர்ந்து வந்தது. ஓட்டியவள் ஜெயசுதா. பின்னால் அமர்ந்து கண்களை மூடியபடி ஏதோ முணுமுணுத்தவர் துப்பறிவாளர் அரங்கநாதன்.

"சார், முன்னாடி ரோடு தெரியல. பின்னாடி ஒக்காந்துக்கினு செய்யுள் சொல்லாதீங்க. பயம் ஜாஸ்தியாவுது."

"வழித்துணையாக வர வேண்டும் என்று இறைவனை வேண்டினேன், அம்மா."

"மனசுக்குள்ள வேண்டுங்க. சத்தமா வேண்டினா எதிர்ல லாரி வருதோன்னு தோணுது."

அரங்கநாதன் தொல்லியல் துறையில் கல்வெட்டுகளைப் படியெடுத்து ஓய்வு பெற்றவர். 'க'கரத்தின் வளைவைக் கண்டே அது எந்த நூற்றாண்டின் எழுத்து என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை வீணாக்குவானேன் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். "செத்த ராஜா எந்த வருசம் செத்தான்னு கரெக்டா சொல்லுவாரு. உயிரோட கீறவங்க எங்க கீறாங்கன்னு கேட்டாதான் கஷ்டம்" என்பது அவரைப் பற்றி அவருடைய உதவியாளர் ஜெயசுதா வழங்கியிருந்த நற்சான்று.

அவர்களை வரவழைத்திருந்த குஞ்சம்மாள் களத்துமேட்டில் காத்திருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த கைப்பேசியை அவிழ்த்து நீட்டினாள்.

"பாருங்க சாமி. எம் பொண்ணு நிர்மலா குரலக் கேட்டு நாலு மாசமாவுது. மெட்ராசுல மெட்ரோ ரயிலுக்கு சர்வே எடுக்கிற காண்ட்ராக்டுகாரன்கிட்ட வேல. மாசத்துக்கு ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்துக்கினு இருந்தவ, இப்ப வரதே இல்ல. போன் பண்ணா எடுக்கிறதில்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டோ மட்டும் வருது. 'நல்லா கீறேன்மா'ன்னு எழுதிக்கினு."

"எழுத்தைப் படித்தது நீங்கள்தானா?"

"எனக்கு ஏது படிப்பு? மாப்ளதான் படிச்சுக் காட்டறாரு."

மாப்பிள்ளை சிவசங்கர். உளுந்தூர்பேட்டையில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன். கடைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அரங்கநாதனின் புருவம் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.

"போட்டோவ நல்லாப் பாருங்க. பொறந்ததுலேருந்து அவளுக்கு ஒரு கண்ணு மங்கல். அதுக்கு மட்டுந்தான் கண்ணாடியில பவரு, இன்னொண்ணு வெறும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியும் அந்தச் சிரிப்பும் அவளுதுதான். ஆனா வாரத்துக்கு வாரம் வயசு கொறஞ்சுக்கினு போவுதே சாமி! பட்டணத்துல கெடந்தா வயசு ஏறுமா, எறங்குமா?"

"எறங்கும்னா சொல்லும்மா, நானும் போறேன்" என்றாள் ஜெயசுதா.

அரங்கநாதன் சிரிக்கவில்லை. கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். மெட்ரோ ரயில் பெட்டிக்குள் நிர்மலா நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, கதவின் நெற்றியில், நிலையங்களின் பெயர்களைப் புள்ளிபுள்ளியாகக் கோத்த வழித்தடப் படம். விமான நிலையத்தில் தொடங்கிய கோடு சின்னமலையோடு நின்றிருந்தது.

அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது. அந்த ஒளியை ஜெயசுதா அறிவாள். அதற்குப் பின் அரைமணி நேரம் யாரும் குறுக்கே பேச முடியாது.

"நகரத்தின் ரயில் தடமும் கல்வெட்டுத்தான், சுதா. காலம் அதில் எழுத்தாகப் பதிந்திருக்கும். முதலில் கால்வாய்க் கரையோரம் தூண்களின்மேல் பறக்கும் ரயில் வந்தது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடிற்று. பிறகு மயிலாப்பூரைத் தொட்டது, திருவான்மியூரைத் தொட்டது, வேளச்சேரியில் போய் இளைப்பாறியது. அதற்கும் பின்னே மெட்ரோ. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை வானத்தில் ஓடியது. அடுத்தது விமான நிலையத்திலிருந்து சின்னமலை. அதன் பிறகே நிலத்துக்குள் இறங்கியது. தேனாம்பேட்டை வந்தது, சென்ட்ரல் வந்தது, ஆற்றுக்கு அடியே புகுந்து வண்ணாரப்பேட்டை போயிற்று, இன்று விம்கோ நகர் வரை நீண்டிருக்கிறது. புதுத் தடம் திறக்கும்போதெல்லாம் குடமுழுக்குக்குப் போவது போல நான் போய் ஏறி இறங்கியிருக்கிறேன்."

"அதனால?"

"சின்னமலையோடு கோடு நிற்கும் இந்தப் படம், சுரங்கம் திறக்குமுன் எடுத்தது. ஏழெட்டு ஆண்டுப் பழையது."

குஞ்சம்மாள் கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். "அப்ப... போன வாரம் அனுப்பிச்சது?"

அரங்கநாதன் மெதுவாகச் சொன்னார். தம் சொல்லின் அழகை அவரே கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னால் நினைத்து நினைத்துக் கூச வேண்டியிருந்தது.

"உயிரோடு இருப்பவள் புதுப் படம் அனுப்புவாள், அம்மா. பழைய படத்தை அனுப்புகிறவன், புதுப் படம் எடுக்க ஆள் இல்லாதவன்."

*

உளுந்தூர்பேட்டை நாற்சந்தியில் பேருந்துகள் ஒன்றையொன்று அதட்டிக்கொண்டிருந்தன. சிவசங்கரின் கடை வாசலில் அடுத்த கடை டீக்கூட்டமும் சேர்ந்து நின்றது. நடுவே அரங்கநாதன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"இந்தப் படம் எப்போது எடுத்தது, தம்பி?"

"போன வாரம் அனுப்பிச்சா சார்."

"அனுப்பியதைக் கேட்கவில்லை. எடுத்ததைக் கேட்டேன். இன்று விம்கோ நகர் வரை ஓடும் ரயில், உன் மனைவி ஏறினால் மட்டும் சின்னமலையோடு நின்றுவிடுமா?"

கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான். சிவசங்கர் வெளிறிய முகத்தோடு, கூட்டத்தில் நின்ற மாமியார் பக்கம் திரும்பினான்.

"அத்தை, அவ உயிரோட கீறா. சத்தியமா கீறா."

"எங்கடா கீறா?" என்று குஞ்சம்மாள் பாய்ந்தாள்.

"சொல்ல மாட்டேன் அத்தை. கற்பூரத்த அணைச்சு வாக்கு குடுத்துட்டேன்."

"கட்டினவள மறைக்கிறதுக்கு எவன்டா கற்பூரம் அணைப்பான்?"

குஞ்சம்மாள் அவனுடைய வண்டியில் மாட்டியிருந்த துணிப்பையைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடி அறுந்து, உள்ளே இருந்தவை மண்ணில் சிதறின. ஒரு தேங்காயெண்ணெய்ப் புட்டி. மருந்துக்கடைக்காரன் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தந்த ஒரு பொட்டலம்.

அந்தக் கறுப்புக் கவர் எதற்கு என்பது இவ்வட்டாரத்தில் பால்குடி மறந்த எவருக்கும் தெரியும். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே கணத்தில் வானத்தையும் பேருந்துகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அரங்கநாதனும் திரும்பிக்கொண்டார். பெண்டிர்க்குரிய பொருளை நோக்காதிருப்பது நன்மகனுக்கு அழகு என்பது அவர் பழகிய ஒழுக்கம். ஜெயசுதா மட்டும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். சிறிது நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டி இல்ல; இது மட்டும் யாருக்குடா?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டார். "வேற தொடுப்பு வச்சிக்கினு கீறான்!" கேட்ட வேகத்திலேயே சிவசங்கரின் கன்னத்தில் அறைந்தார். சிவசங்கர் கையைத் தூக்கவில்லை. மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

அடித்தவரை அரங்கநாதன் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. "நாளை மாலை வரை தவணை. உண்மை வராவிட்டால் காவல் நிலையம்" என்று மட்டும் சொல்லி நடந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அது அவருக்கு இனிப்பாகவும் இருந்தது.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் வழியில், எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் ஜெயசுதா வண்டியை ஓரங்கட்டினாள்.

"சார், அந்தப் பொட்டலத்துக்கு அடியில இன்னொண்ணு விழுந்துச்சு. பாத்தீங்களா?"

"நான் திரும்பி நின்றேன்."

"அதான் கேக்கறேன். புதுக் கண்ணாடி. போட்டுப் பாத்தேன். ஒரு கண்ணுக்கு ஒலகமே சுத்துது. இன்னொரு கண்ணுல ஒண்ணுமே இல்ல, வெறும் கண்ணாடி."

பனி எப்போதோ விலகியிருந்தது. ஆயினும் அரங்கநாதன் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஏன் அங்கேயே சொல்லவில்லை?"

"சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அறை வுழுந்துடுச்சு. அப்புறம் நீங்க தவணை குடுத்துட்டு ராஜா மாதிரி நடந்தீங்க." அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "செத்தவளுக்கு யாரு சார் புதுக் கண்ணாடி வாங்குவான்? வெள்ளிக்கெழம லீவுல போட்டோ அனுப்பறவன் வூட்லயே ஒக்காந்து அனுப்பலாம். அவன் வெள்ளிக்கெழம தவறாம வண்டி எடுத்துக்கினு எங்கியோ போறான்னு டீக்கடைக்காரர் சொல்றாரு. போட்டோவ அனுப்பறது அவன் இல்ல. அவன் போய்ப் பாக்கற ஆளு."

படத்தின் காலத்தை அரங்கநாதன் பிழையறக் கணித்திருந்தார். அதை நம்பி ஒரு மனிதனைக் கொலைகாரனாக்கி நாற்சந்தியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

*

மறுநாள் ஒரு வாடகைக் கார் சிவசங்கரின் வண்டியைத் தொலைவிலிருந்து பின்தொடர்ந்தது. பின்னிருக்கையில் குஞ்சம்மாள். அவளை அழைத்து வந்தது ஜெயசுதாவின் வேலை. "இன்னா கெடச்சாலும் அம்மாவே பாக்கட்டும் சார். நாம பாத்துச் சொல்றது போதும்" என்றாள்.

கச்சிராயபாளையத்தில் சிவசங்கர் பூ வாங்கினான். வீங்கிய கன்னத்தைத் துண்டால் மறைத்திருந்தான். கோமுகி அணையைக் கடந்ததும் சாலை மலையேறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பனி மேலிருந்து இறங்கி வந்து எதிர்கொண்டது. மரவள்ளிக் கொல்லைகளும் கடுக்காய் மரங்களும் தோன்றி மறைந்தன. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சந்தை. மலைச்சனம் வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடும். அந்தத் திடலில்தான் கைப்பேசிக்குக் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் போலும். சாமை மூட்டைகளுக்கு நடுவே பலர் கைப்பேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களுள் ஒருத்தி கையை இறக்கிச் சிவசங்கரை நோக்கி வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். விரிசல் விட்ட பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவன் நீட்டிய புதியதை மாட்டிக்கொண்டாள். அதன் வழியே அவள் முதலில் கண்டது அவனுடைய கன்னத்தை. கையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்துக் கண்டது, கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கும் தன் தாயை.

"நிர்மலா!"

நிர்மலா ஓடினாள். தாயை நோக்கி அல்ல. சந்தைக்குப் பின்னாலுள்ள ஓடைச் சரிவில் இறங்கி, அங்கே ஒரு நாவல் மரத்தடிக் கற்களின்முன் போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது ஓடையம்மன் கோயில். களமருதூர்க்காரர்களின் குலதெய்வம். ஆண்டுக்கொருமுறை ஊரே மலையேறி வந்து பொங்கல் வைக்கும் இடம்.

"கிட்ட வராதம்மா" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "அந்தக் கோயில் போயிடுச்சு."

"எந்தக் கோயிலுடி?"

"மெட்ராசுல நீ பிடிமண்ணு கொண்டுபோய் வச்ச கோயிலு."

ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறவர்கள் குலதெய்வத்தின் காலடி மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று, போன இடத்தில் கோயில் எழுப்புவது வழக்கம். சென்னையில் குடியேறிய களமருதூர்ச் சனத்துக்காக அந்த மண்ணை மடியில் கட்டி, வழி நெடுக மடியை அவிழ்க்காமல் கொண்டுபோனவள் குஞ்சம்மாள். அப்போது அவள் வயிற்றில் நிர்மலா இருந்தாள்.

"நான் சர்வே எடுத்த தடம் அந்தத் தெருவுல வந்துச்சும்மா. ஸ்டேஷன் வாசலு எதிர் சாரியிலன்னு எங்கிட்ட இருந்த படத்துல போட்டிருந்துச்சு. நம்ம சனங்ககிட்ட 'சாமிக்கு ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன்'னு வாக்கு குடுத்தேன். அதுக்கப்புறம் தடத்த மாத்தி, வாசல இந்தப் பக்கம் கொண்டாந்தாங்க. புதுப் படம் என் மேசைக்கு வந்துச்சு. பிரிச்சுக்கூடப் பாக்கல. எல்லாம் எனக்குத் தெரியும்னு இருந்துட்டேன். நோட்டீஸ் ஒட்டினாங்க. 'நம்ம நிர்மலாவே சொல்லிச்சு'ன்னு யாரும் அத நம்பல. சாமிய முறையா எடுத்து வைக்க ஒரு கலசம்கூட வைக்கல. காலையில மெஷின் வந்துடுச்சு. கல்லயும் மண்ணயும் குப்பையிலேருந்து என் கையாலதான் தோண்டி எடுத்தேன். இங்க கொண்டாந்து வச்சு நாலு மாசமா வெளக்கு ஏத்தறேன். எந்த மூஞ்ச வச்சிக்கினு உன் முன்னாடி வருவேன்? அதான் பழைய போட்டோவாத் தேடி அனுப்பினேன், மொதமொதல்ல ரயில் ஏறினப்ப எடுத்தது வரைக்கும். அப்ப என் மூஞ்சி சுத்தமா இருந்துச்சு."

*எல்லாம் எனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்.* அந்தச் சொற்கள் சரிவில் நின்றிருந்த அரங்கநாதனின் காதில் தைத்தன. பழைய தடப் படத்தை நம்பிக் குலதெய்வத்தைத் தொலைத்த பெண் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறாள். பழைய தடப் படத்தைக் காட்டி ஒருவனைக் கொலைகாரனாக்கிய தாம், மேல்துண்டு கலையாமல் நிற்கிறார்.

குஞ்சம்மாள் மெல்ல அருகே போய்ப் பொத்தென்று மகளின் எதிரே உட்கார்ந்தாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை மகளின் தலைமேல் இறங்கித் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

"மண்ணுக்காடி? மண்ணுக்காடி என்ன நாலு மாசமா சாவடிச்ச? எடுத்த மண்ணு எடுத்த எடத்துக்கே திரும்பி வந்துடுச்சு. இன்னொரு பிடி அள்ளிக்கினு போனா ஆச்சு. உன்ன இன்னொரு பிடி அள்ள முடியுமாடி எனக்கு?"

அதன்பின் இருவர் அழுகையும் ஓடையின் ஓசையும் ஒன்றாகிவிட்டன.

அரங்கநாதன் சிவசங்கரின் முன்னே போய் நின்றார். ஆயிரம் பாடல் மனப்பாடமாக அறிந்த வாய், ஒரு சொல்லுக்குத் தவித்தது.

"சார்" என்று ஜெயசுதா மெதுவாகச் சொன்னாள். "செய்யுள் வேணாம். வெறும் தமிழ்ல சொல்லுங்க."

"தப்புப் பண்ணிவிட்டேன், தம்பி. தெருவில் வைத்துச் சொன்னதைத் தெருவில் வைத்தே திரும்பப் பெறுகிறேன். இன்றைக்கே, அந்த டீக்கடை வாசலிலேயே."

சிவசங்கர் கன்னத்தைத் தடவினான். "அடிச்ச லாரிக்காரரு இந்நேரம் திருச்சி தாண்டியிருப்பாரு சார். டீக்கடைக்காரங்க இருப்பாங்க, வாங்க." துண்டை மறுபடி கன்னத்தில் இழுத்துவிட்டு, "உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யி" என்றான்.

"பொய் சொல்ல வேண்டாம்" என்றார் அரங்கநாதன்.

அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாவல் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த சருகுகளைக் கையாலேயே ஒதுக்கினார். ஓடையில் இறங்கி இரு கையாலும் நீர் முகந்து வந்து, சென்னைக் குப்பையிலிருந்து மீண்டு வந்த அந்தச் சிறு கல்லைக் கழுவினார். நீர் வழியெங்கும் சிந்திவிட்டதால் மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். அவர் ஒரு பாட்டும் பாடவில்லை. நிர்மலா திரியைத் திரித்து அகலில் இட்டாள். சிவசங்கர் பூவைச் சாத்தினான். குஞ்சம்மாள் கற்பூரம் ஏற்றி, மரத்தடித் திருநீற்றைக் கொப்பரையோடு எடுத்து, மகளுக்கும் மருமகனுக்கும் ஜெயசுதாவுக்கும் பூசிவிட்டு அவரிடம் வந்தாள்.

அரங்கநாதன் ஓரடி பின்வாங்கினார். "எனக்கு வேண்டாம் அம்மா. பூசிக்கொள்ளும் நெற்றியா இது?"

"யோக்கியத பாத்தா இங்க யாரு நெத்தியில சாமி பூசறது? குனி."

அவர் குனிந்தார். வரப்புத் தழும்பேறிய கட்டைவிரல் அவர் நெற்றியில் குறுக்கே அழுந்த இழுத்தது.

"நல்லா இரு சாமி. கண்ணு நல்லா தெரியட்டும். இனிமே உன் வாயில நல்ல சேதியே வரட்டும். ஆத்தா உன்ன கை வுட மாட்டா."